கோமுகி ஆறும் ஹெரோனின் கண்ணாடியும்

ஹெரோன்னா நமக்கு முக்கோணப் பரப்பளவு சூத்திரம்தான் ஞாபகம் வரும். கண்ணாடியில் பட்ட ஒளி ஏன் சம கோணத்தில் திரும்புகிறது என்பதற்குக் காரணம் சொன்னதும் அதே ஆள்தான். கோணம் சமம் என்கிற விதி அவருக்கு முன்பே யூக்ளிட் காலத்தில் தெரிந்ததுதான். அந்த வழிதான் இருப்பதிலேயே குட்டை என்று காட்டியது ஹெரோன்.

நம்ம ஊர்க் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி கள்ளக்குறிச்சிப் பக்கம் வரும் கோமுகி ஆற்றை எக்ஸ் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அலகு நூறு மீட்டர். வீடு (1, 2), வயல் (7, 6), இரண்டும் ஒரே கரை. மாட்டுக்கு ஆற்றில் தண்ணி காட்டிவிட்டு வயலுக்குப் போகணும். எந்த இடத்தில் இறங்குவது?

வீட்டுக்கு நேரே (1, 0)-ல் இறங்கினால் மொத்தம் 10.49. நடுவில் (4, 0) என்றால் 10.31. இப்போது வீட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம் (1, −2)-க்குப் புரட்டிப் போடுங்கள். ஆற்றின் எந்தப் புள்ளிக்கும் வீட்டிலிருந்து எவ்வளவு தூரமோ, பிம்பத்திலிருந்தும் அவ்வளவேதான். ஆக, பிம்பத்திலிருந்து வயலுக்கு நேர்கோடு போட்டால் வேலை முடிந்தது. தூரம் சரியாக 10, இறங்கும் இடம் (2.5, 0). வகையிடலே வேண்டாம்!

இந்த அச்சு, ஆயத்தொலைவு எல்லாம் 1637-ல் தெகார்த் புத்தகம் வந்த பிறகு நிலைத்தவை. ஹெரோனிடம் இருந்தது வெறும் வடிவியல். அவர் குறிப்பிடும் ஒரு சந்திர கிரகணம் கி.பி. 62-ஐச் சேர்ந்தது என்று நொய்கெபவர் 1938-ல் கணக்கிட்டார். ஹெரோனின் காலம் பிடிபட்டது அப்படித்தான். கண்ணாடி பற்றிய அவருடைய நூல் 1269-ல் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பில்தான் தப்பிப் பிழைத்தது. அதுவும் ரொம்ப நாள் தாலமி பெயரில்.

அவர் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த அதே முதல் நூற்றாண்டில் ரோமானியச் சரக்கு நம்ம அரிக்கமேட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. இதை வைத்து ஒரு 'தமிழர் தொடர்பு' கட்டுரை எழுதிவிடலாம்தான், ஷேரும் பிய்த்துக்கொண்டு போகும். பானை ஓடு கிடைத்தது, கணக்கு கிடைக்கவில்லை. எனக்கு எழுத மனசு வரலை.

ஹெரோன் விட்ட இடத்தில் தொடர்ந்தவர் ஃபெர்மா. பிழைப்பு சட்டத்துறை, கணிதம் ஓய்வு நேரத்தில். நம்ம ஜாதி! தண்ணீருக்குள் நுழையும் ஒளி வளைகிறதே, அங்கே குறைந்த தூரம் எடுபடாது. 1662-ல் அவர் தூரத்தை எடுத்துவிட்டுக் குறைந்த நேரம் என்று வைத்தார். ஒளிவிலகல் விதி வந்து விழுந்தது.

நம்ம மாட்டுக்கும் இது பொருந்தும். வயிறு நிறையத் தண்ணி குடித்த மாடு பாதி வேகத்தில்தான் நடக்கும் என்றால், வீட்டைப் புரட்டும் தந்திரம் செல்லாது. பின்பாதி நடையைக் குறைக்க வேண்டும், அதனால் இறங்கும் இடம் வயலை நோக்கி நகர்ந்து சுமார் (4.2, 0)-க்குப் போய்விடும்.