கழுதைப் பாலம்



"கணக்கு வருது சார், இந்தக் கோணப் பாடந்தான் மண்டையில ஏற மாட்டேங்குது" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அதற்காக அவர்களை ஏசாதீர்கள். அந்த இடத்தில் இடறியவர்கள் ஐரோப்பாவிலும் ஏராளம்.

லயத்து வீட்டுக் கூரை முகப்பைப் போல, இரண்டு பக்கமும் ஒரே நீளமாக உள்ளது இருசமபக்க முக்கோணம். அதன் அடிக்கோணங்கள் இரண்டும் சமம். கோணமானியை வைத்து அளந்தால் போச்சு, நிரூபணம் எதுக்கு? நியாயமான கேள்விதான். ஆனால் அளப்பது கையிலுள்ள அந்த ஒரு படத்துக்கு மட்டுமே. இன்னும் யாருமே வரையாத முக்கோணத்துக்கும் சேர்த்துச் சொல்வதானால் காரணம் காட்டியாக வேண்டும்.

இவ்வுண்மையை முதலில் சொன்னவர் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலேத்தஸ் நகரில் வாழ்ந்த தேலிஸ் என்று, கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புரோக்ளஸ் எழுதி வைத்தார். அலெக்சாந்திரியாவில் யூக்ளிட், கி.மு. 300 வாக்கில், தம் 'மூலங்கள்' நூலின் முதற்பாகத்தில் ஐந்தாவது தேற்றமாக இதை நிறுவினார்.

உச்சிக் கோணத்தைப் பாதியாக்கினால் சுலபமாக முடிந்துவிடுமே என்பீர்கள். யூக்ளிட் அப்படிச் செய்யவில்லை. கோணத்தைப் பாதியாக்கும் வழி அவருக்கு ஒன்பதாவது தேற்றத்தில்தான் வருகிறது. அந்த ஒன்பதோ இந்த ஐந்தை நம்பித்தான் நிற்கிறது! மகனுக்கு அப்பன் ஜாமீன், அப்பனுக்கு மகன் ஜாமீன் என்றால் கடைக்காரர் கடன் கொடுப்பாரா? ஆகவே பக்கங்களைக் கீழே நீட்டி, சம அளவில் வெட்டி, குறுக்கே கோடிழுத்துச் சுற்றுவழியில் போனார். அந்தப் படம் பாலம்போல இருப்பதால் என்றும், மந்த மாணவர்கள் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றுவிட்டதால் என்றும் காரணம் சொல்லி, ஐரோப்பியர் அதற்குக் 'கழுதைப் பாலம்' என்று பேர் வைத்தார்கள்.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அதே அலெக்சாந்திரியாவில் இருந்த பாப்பஸ் ஒரு குறுக்குவழி கண்டார். எனக்குப் பிடித்தது இதுதான். உச்சி அ, அடிமுனைகள் ஆ, இ. ஒரே முக்கோணத்தை இரண்டாக எண்ணிக்கொள்ளுங்கள்: இடமிருந்து பார்த்தால் அ-ஆ-இ, வலமிருந்து பார்த்தால் அ-இ-ஆ. முதலாவதன் அஆ பக்கம் இரண்டாவதன் அஇ பக்கத்துக்குச் சமம். முதலாவதன் அஇ, மற்றதன் அஆவுக்குச் சமம். நடுவிலுள்ள உச்சிக் கோணமோ இரண்டுக்கும் ஒன்றே. இரு பக்கமும் இடைக்கோணமும் சமமானால் முக்கோணங்கள் அப்படியே பொருந்தும் என்பது நாலாவது தேற்றம். அப்படியென்றால் ஆவில் உள்ள கோணம் இயில் உள்ள கோணத்தின்மேல் வந்து உட்கார்கிறது. அவ்வளவுதான்!

நம்பிக்கை வராத பிள்ளைகள் மணிலா அட்டையில் அப்படியொரு முக்கோணத்தை வெட்டி எடுத்து, புறம் திருப்பி, அதே ஓட்டையில் வைத்துப் பார்க்கட்டும்.