அரையணாவும் ஒரு குடும்பமும்

மதுரைக்கு மேற்கே காளவாசல் என்று ஓர் இடம் உண்டு. இன்று பைபாஸ் ரோடும் தேனி ரோடும் சந்திக்கிற நாற்சந்தி. பஸ் கண்டக்டர்களின் வாயில் தேய்ந்துபோன பெயர். காளவாசல் என்றால் சுண்ணாம்பும் செங்கலும் சுடுகிற சூளை. ஊருக்கு வெளியே இருந்த சூளையை ஊர் வளர்ந்து வளைத்துக்கொண்டது. பெயர் மட்டும் மிஞ்சியது. நான் இந்தப் பக்கத்தில் குடியிருப்பவன். சற்றுத் தள்ளி ஞானஒளிவுபுரம். காற்று திரும்பினால் கோயில் மணி கேட்கும்.

எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு வசவு உண்டு. பிள்ளை அள்ளி அள்ளித் தின்றால், "தாது வருஷத்துப் பஞ்சத்திலா பிறந்தே?" என்பார்கள். வைகிற பாட்டிக்கும் தாது வருஷம் எதுவென்று தெரியாது. 1876 ஏப்ரலில் பிறந்த வருஷம் அது. அந்த ஆண்டு இரண்டு மழையும் பொய்த்தன. அடுத்த ஈஸ்வர வருஷத்திலும் மழை காலத்தில் வரவில்லை. பஞ்சம் 1878 வரை நீடித்தது. சென்னை ராஜதானியில் மட்டும் பல லட்சம் ஜனங்கள் பசியாலும், பின்னாலேயே வந்த காலராவாலும் மாண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். தூத்துக்குடிவரை நீண்டது 1876-ல். ரயில் இருந்தால் பஞ்சம் வராது என்று சர்க்கார் நம்பிற்று. தானியம் ஓடி வரத்தான் வந்தது. விலை அதற்கு முன்னால் ஓடிற்று. ஸ்டேஷனில் மூட்டை அடுக்கியிருக்கும், வெளியே அதை வாங்கக் காசில்லாதவன் கிடப்பான். 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்து தர்பார் நடந்தது. அங்கே நடந்த விருந்துகளை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கோபம் வந்துவிடும், கோபம் வந்தால் கதை கெட்டுவிடும்.

ஒரு கதாசிரியனுக்கு இந்தப் பஞ்சத்தில் விறுவிறுப்பான பாத்திரம் ஸர் ரிச்சர்ட் டெம்பிள். மூன்று வருஷத்துக்கு முன், 1874-ல், பீஹாரில் பஞ்சம் வந்தபோது இந்த மனிதர்தான் பர்மாவிலிருந்து அரிசியைக் கப்பல் கப்பலாக இறக்கி ஜனங்களைக் காப்பாற்றினார். செத்தவர்கள் மிகச் சிலர். அதற்குப் பரிசு? ஊதாரி என்ற பட்டம். பணத்தை வாரி இறைத்தார் என்று பத்திரிகைகளும் மேலிடமும் அவரைத் தாளித்துவிட்டார்கள். அதே மனிதரை 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் தெற்கே அனுப்பினார். பழைய கெட்ட பெயரைக் கழுவிக்கொள்ள வந்தவர் கையில் நம் ஜனங்கள் சிக்கினார்கள். நல்லது செய்து அடிபட்டவன் மறுமுறை எவ்வளவு கடினமாகிவிடுகிறான் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அவர் வகுத்த கூலி இது: நிவாரண வேலையில் கல் உடைக்கிற, மண் சுமக்கிற ஆண்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலை, அதன்மேல் அரையணா. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதற்கும் குறைவு. ராஜதானியின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ், இந்த ஒரு ராத்தலில் உழைக்கிற உடம்பு நிற்காது என்று விடாமல் எழுதினார். சில மாதங்களில் சென்னை சர்க்கார் கூலியை உயர்த்தவேண்டி வந்தது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான்.

இந்தக் கணக்கின் கொடுமை ராத்தலின் எடையில் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். அது தலையை எண்ணிற்று, அடுப்பை எண்ணவில்லை. வேலைசெய்ய முடியாத தாய்க்கிழவி, முழங்காலில் தவழ்கிற குழந்தை, படுத்துவிட்ட தம்பி, இவர்கள் எல்லோரும் அந்த ஒரு ராத்தலுக்குள் ஒளிந்திருந்தார்கள். போதாததற்கு வேலை வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளி இருக்கவேண்டும் என்று ஒரு விதி. உண்மையில் பட்டினி கிடப்பவன்தான் அவ்வளவு தூரம் வருவான் என்பது யோசனை. பத்து மைல் நடக்கிறவன் யாரைத் தூக்கிக்கொண்டு நடப்பான்? புருஷன் ஒரு முகாமில், பெண்டாட்டி பிள்ளைகளோடு தாய்வீட்டு வழியில், கிழவி பூட்டாத வீட்டில். இன்னும் பலர் ராமநாதபுரம் கடற்கரைக்குப் போய்த் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, கங்காணிக்குப் பின்னால் காடு கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள், காப்பித் தோட்டத்துக்கு. அப்படி நடந்தவர்கள் 1877-ல் ஒரு லட்சத்துக்கும் மேல். மரணம் வருமுன்பே குடும்பங்கள் செத்துவிட்டன.

நம் நாட்டில் நல்லதங்காள் கதை தெரியாதவர் யார்? பஞ்சம் தாங்காமல் மானாமதுரையிலிருந்து ஏழு பிள்ளைகளோடு அர்ச்சுனாபுரத்துக்கு அண்ணன் வீடு தேடி வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிற நேரத்தில் அண்ணி மூளி அலங்காரி சோறு இல்லை என்கிறாள். கிணறு நிறைகிறது. எங்கள் ஞானோபதேசத்தில் அவநம்பிக்கை பாவம். தன்னுயிரை மாய்த்துக்கொள்வது பெரும் பாவம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கதையில் முதல் பாவம் கிணற்றங்கரையில் நடக்கவில்லை, அடுக்களையில் நடக்கிறது. பெத்லகேம் என்ற பெயருக்கே அப்பத்தின் வீடு என்று பொருள். அங்கும் பஞ்சம் வந்து நகோமி புருஷனோடும் மக்களோடும் மோவாபுக்குப் போய், எல்லோரையும் பறிகொடுத்துத் திரும்புகிறாள். அவளுக்கு ரூத் என்று ஒரு மருமகள் கிடைத்தாள். நல்லதங்காளுக்கு அண்ணிதான் கிடைத்தாள்.

அப்போது மதுரை மிஷன், சேசு சபையைச் சேர்ந்த கனோஸ் ஆண்டகையின் தலைமையில் இருந்தது. சாமியார்கள் கஞ்சி ஊற்றினார்கள். அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். சாகிற குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அமெரிக்கன் மிஷன்காரர்களும் தங்கள் பங்குக்கு உழைத்தார்கள். கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று அந்த நாளில் சேர்ந்த குடும்பங்களை இன்றும் சிலர் இளக்காரமாகச் சொல்வதுண்டு. பிறந்ததிலிருந்து வயிறு நிறைந்தவர்கள் சொல்கிற பேச்சு அது. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். பசியால் அரை நினைவோடு கிடப்பவனிடம் விசுவாசம் கேட்பது எனக்கு என்றும் சங்கடமாகவே இருக்கிறது. முதலில் கஞ்சி, எழுந்து நடந்தபின் மற்றது என்று ஒரு நல்ல சாமியார் இருந்திருந்தால் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

ஊருக்குள் குஞ்சரத்தம்மாள் என்ற தாசியைப் பற்றியும் சொல்வார்கள். வடக்கு ஆவணி மூல வீதியில் வீடு. பஞ்சம் முற்றியபோது நகைகளை விற்று, வாசலில் அடுப்பு மூட்டி, வந்தவர்க்கெல்லாம் மாதக்கணக்கில் கஞ்சி காய்ச்சி ஊற்றினாளாம். எங்கள் மதலேன் மரியாளின் பக்கத்தில் அவளுக்கும் ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கிறேன், என் மனசுக்குள். பங்குச் சாமியாரிடம் இன்னும் கேட்கவில்லை.

பஞ்சம் முடிந்து பதின்மூன்று வருஷம் கழித்து, 1891-ல், 13-ம் சிங்கராயர் பாப்பரசர் தொழிலாளர் நிலைபற்றி ஒரு நிருபம் எழுதினார். கூலி என்பது சிக்கனமாக வாழும் உழைப்பாளியைத் தாங்கவேண்டும் என்றார். தன்னையும் மனைவி மக்களையும் காக்கிற கூலியைப் பற்றியும் அதில் பேசினார். நாற்பது வருஷம் கழித்து, 1931-ல், 11-ம் பத்திநாதர் இன்னும் வெளிப்படையாகவே எழுதினார்: தகப்பனுக்குக் கொடுக்கிற கூலி குடும்பத்துக்குப் போதியதாக இருக்கவேண்டும். இவர்கள் மனத்தில் இருந்தது ஐரோப்பாவின் ஆலைகள். ஆனால் டெம்பிளின் அரையணாவுக்கு அதைவிட நேரான பதிலை நான் படித்ததில்லை.

நம் ரேஷன் கடைக்காரர் சிங்கராயரைப் படித்திருக்க மாட்டார். ஆயினும் அவர் கையில் இருப்பது குடும்ப அட்டை. 2020-ல் ஊரடங்கு வந்தபோது தமிழ்நாட்டில் அரிசி அட்டை ஒவ்வொன்றுக்கும் 1000 ரூபாயும், விலையில்லாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தார்கள். காளவாசல் பக்கத்திலும் சுண்ணாம்பு வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஒருவராய் ஜனங்கள் நின்றார்கள். வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும். கிழவி திண்ணையிலேயே இருக்கலாம். பத்து மைல் நடக்கவேண்டாம்.

கட்டட வேலைக்கு வந்திருந்த வடநாட்டுப் பையன்கள் அந்த வரிசையில் இல்லை. அவர்களுக்கும் அட்டை உண்டு. அது ஊரில், மனைவியிடமோ தாயிடமோ இருந்தது. ஒரு மாநிலத்து அட்டைக்கு மற்றொரு மாநிலத்தில் அரிசி என்ற திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது அந்த வருஷம் அக்டோபரில். அதற்கு முன்பே அவர்களில் பலர் மூட்டையைக் கட்டி ஊர் திரும்பியிருந்தார்கள்.