கிளவுட் சேசிங்: கருவியும் பேட்டரியும்

மின்சிகரெட்டை நிகோட்டினுக்காக இழுக்காமல், ஊதிவிடும் ஆவி எவ்வளவு பெரிதாகவும் அடர்த்தியாகவும் வருகிறது என்பதையே குறியாகக் கொள்ளும் பழக்கம் கிளவுட் சேசிங். 2010களின் நடுவில் அமெரிக்க வேப் கடைகளில் இது ஒரு போட்டி விளையாட்டாகவே வளர்ந்தது. அளவுக்கோடு போட்ட சுவரின் முன்னால் போட்டியாளர்கள் நின்று ஊதுவார்கள். யாருடைய மேகம் நீண்டு, கலையாமல் நிற்கிறதோ அவருக்குப் பரிசு.

சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003இல் உருவாக்கிய மின்சிகரெட்டுக்கும் இந்த விளையாட்டுக்கும் வெகுதூரம். தொடக்கக்காலக் கருவிகள் சிகரெட்டின் வடிவத்தையே ஒட்டியிருந்தன. பென்சில் பருமனுள்ள பேட்டரி தரும் சில வாட் திறனில் மெல்லிய ஆவிதான் வரும். ஆசைப்பட்ட பயனர்கள் கைவிளக்கின் குழாயையும் பிற உலோகப் பெட்டிகளையும் வெட்டி ஒட்டி, பெரிய பேட்டரி பொருத்தி மாற்றியமைத்தார்கள். ‘மாட்’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

மேகம் உண்டாகும் விதம் எளியது. பஞ்சு உறிஞ்சிய திரவத்தைக் கம்பிச்சுருளான ‘காயில்’ சூடாக்குகிறது. எழும் ஆவி காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாகிறது. திரவத்தில் பெரும்பங்கு புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முன்னது தொண்டையில் உறைக்கும். வெண்மையும் அடர்த்தியும் தருவது கிளிசரின். அதனால் மேகப்பிரியர்கள் கிளிசரின் 70 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள திரவத்தைத் தேடுவார்கள். ஆனால் கிளிசரினின் கொதிநிலை 290 டிகிரி செல்சியஸ்; புரொப்பிலீன் கிளைக்காலுக்கு 188தான். ஆகவே கூடுதல் சூடு வேண்டும், அகலமான காயில் வேண்டும், அதன்மேல் தாராளமாகக் காற்று ஓட வேண்டும். இழுப்பதும் வாயில் நிறுத்தி இழுப்பதல்ல, நேரே நுரையீரலுக்கு. இத்தனை ஆவியில் நிகோட்டின் செறிவு அதிகமானால் தலை சுற்றும், குமட்டும். மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம், அல்லது நிகோட்டினே இல்லாத திரவம் என்பது இவர்களிடையே வழக்கமானது இதனால்தான்.

சூட்டைக் கூட்டக் காயிலின் மின்தடையைக் குறைப்பார்கள். 1 ஓமுக்குக் கீழே போனால் அது ‘சப்-ஓம்’. ஓம் விதி தெரியாமல் இங்கே கை வைக்கக் கூடாது. முழுதும் சார்ஜ் ஆன லித்தியம் அயனி செல் 4.2 வோல்ட் தரும். 0.5 ஓம் காயிலில் 8.4 ஆம்பியர் ஓடும், ஏறத்தாழ 35 வாட். 0.2 ஓமில் 21 ஆம்பியர், 88 வாட். 0.1 ஓமில் 42 ஆம்பியர். வேப் கடைகளில் புழங்கிய எந்தச் சாதாரண 18650 செல்லும் இந்தக் கடைசி எண்ணைத் தொடர்ந்து தாங்காது. மேகம் பெருக்கும் ஆசை கடைசியில் பேட்டரியின் தலையில்தான் விடிகிறது.

கருவிகள் இரு வகை. மெக்கானிக்கல் மாட் என்பது வெறும் உலோகக் குழாய்: உள்ளே செல், அடியில் பொத்தான், மேலே காயில். நடுவில் மின்சுற்றுப் பலகை எதுவும் கிடையாது. ஷார்ட் ஆனாலும் தடுக்க ஆளில்லை. சிலவற்றில் காயில் தொட்டியின் நடு ஊசி செல்லின் தலையை நேரடியாகத் தொடும். அந்த ஊசி போதுமான அளவு வெளியே நீட்டியிராவிட்டால், மரையே செல்லின் தலையில் அமர்ந்து, பொத்தானை அழுத்தியதும் ஷார்ட் ஆகிவிடும். காற்றுத் துளை இல்லாத குழாயில் இது நடந்தால் உருவாகும் அழுத்தம் போக வழியில்லை. ரெகுலேட்டட் மாட் வேறு. அதன் சிப் காயிலின் தடையை அளக்கும், ஷார்ட்டைக் கண்டால் இயங்காது, செல் வற்றியதும் நிறுத்திக்கொள்ளும். முதன்முதலாக வாங்குபவருக்கு மெக்கானிக்கல் மாடைப் பரிந்துரைத்த கடைக்காரர்களும் இருந்தார்கள். மீட்டர் வைத்துத் தடை அளக்கத் தெரியாத ஒருவர் கையில் அதைக் கொடுத்ததற்கு நியாயம் சொல்ல முடியாது.

ரெகுலேட்டட் மாடிலும் பேட்டரிக் கணக்கு உண்டு, அது பலரும் நினைப்பதற்கு நேரெதிர். மெக்கானிக்கலில் செல் இறங்க இறங்க மின்னோட்டம் குறையும். இங்கே சிப் வாட்டை மாறாமல் காப்பதால், வோல்ட் இறங்க இறங்க ஆம்பியர் ஏறும். ஒற்றைச் செல் மாடில் 60 வாட் வைத்து, செல் 3.2 வோல்ட்டுக்கு வந்துவிட்டது, சிப்பின் திறன் 90 விழுக்காடு என்று கொண்டால், செல்லிலிருந்து ஏறத்தாழ 21 ஆம்பியர் இழுக்கப்படும். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணைவிட எத்தனை செல் போடும் மாட் என்பதே முக்கியம். இரண்டு செல் போட்டால் அதே 60 வாட்டுக்கு ஒவ்வொன்றும் பாதிச் சுமைதான் தாங்கும். அவ்விரண்டும் ஒரே வகையாக, ஒன்றாக வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் ஏற்றியவையாக இருக்க வேண்டும்.

18650 என்ற பெயரே அளவுதான்: விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். மடிக்கணினிகளுக்காகப் பரவிய இந்தச் செல்லில் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். சாம்சங் 35இ 3500 மில்லி ஆம்பியர் மணி சேமிக்கும், ஆனால் 8 ஆம்பியர்தான் தரும்; மேகத்துக்கு உதவாது. சாம்சங் 25ஆர் சேமிப்பது 2500, தருவது 20 ஆம்பியர். எல்ஜி எச்ஜி2வில் 3000, 20 ஆம்பியர். சோனி விடிசி5ஏ 25 ஆம்பியர் வரை போகும். சோனியின் பேட்டரித் தொழில் 2017இல் முராட்டாவுக்குக் கைமாறியதால் பிற்காலச் செல்களில் அந்தப் பெயரைக் காணலாம். 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்ட 18650 விற்றால் அது பொய். 40 ஆம்பியர் என்று மினுக்கும் உறைகளில் பெரும்பாலானவை வேறொருவரின் செல்லுக்குப் போட்ட புதுச்சட்டை. செல் தயாரிக்காத நிறுவனங்கள் பலவும் இப்படி உறை மாற்றி விற்றன. எல்ஜி, சாம்சங் போன்ற நிறுவனங்களோ, தனிச் செல்லாக மின்சிகரெட்டில் போடுவதற்கு இவை செய்யப்பட்டவை அல்ல என்றே சொல்லிவந்தன.

ஒரு 18650ஐக் கையில் எடுத்துப் பார்த்தால் நேர்முனை சிறு பொத்தானாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ள விளிம்பும், பக்கச் சுவரும், அடியும் எல்லாமே எதிர்முனை. இரண்டையும் பிரிப்பது உள்ளே ஒரு காப்பு வளையம். மேலே ஒரு காகித வட்டம், காகிதக் கனமுள்ள பிளாஸ்டிக் உறை. பொத்தான் அருகே உறை கிழிந்திருந்தால் மாடின் உலோகமே ஷார்ட் செய்துவிடும். சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் கிடந்தாலும் அதே கதி. புது உறை சில காசுக்குக் கிடைக்கும். ஹேர் டிரையர் சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பியில் செல் எடுத்துச்செல்வது இந்தத் துறையின் அரிச்சுவடி.

2009 முதல் 2016 வரை அமெரிக்க ஊடகங்களில் வந்த 195 மின்சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளை அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் தொகுத்தது. 133 பேர் காயமடைந்தனர், 38 பேருக்குப் படுகாயம். சட்டைப் பை, கால்சட்டைப் பையில் இருக்கும்போது தீப்பிடித்தவையே பல. 2018இல் புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மெக்கானிக்கல் மாட் வெடித்து ஒருவர் இறந்தார். 2019இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் சிதறிய உலோகத் துண்டு கழுத்துத் தமனியை அறுத்து இன்னொருவர் உயிர் பிரிந்தது. விமானத்தின் சரக்கறைப் பெட்டியில் மின்சிகரெட் வைக்க 2015இலேயே சர்வதேசத் தடை வந்துவிட்டது.

உடல்நலக் கேள்வி தனி. பஞ்சு காய்ந்த நிலையில் காயில் சூடேறினால் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்றவை உருவாகும். நிகோட்டின் இல்லாத திரவத்துக்கும் இது பொருந்தும்.

2015இல் வந்த ஜூல் போன்ற சிறு பாட் கருவிகள் நிகோட்டின் உப்பைக் கொண்டு குறைந்த ஆவியிலேயே நிறைந்த நிகோட்டின் தந்தன; பெரிய மாட்களின் சந்தை சுருங்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் டேங்க் கொள்ளளவை 2 மில்லிலிட்டராகவும் நிகோட்டினை மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமாகவும் கட்டுப்படுத்தியது. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதுமே குற்றம். தமிழ்நாடு 2018இல் தடைசெய்தது. மறு ஆண்டு மத்தியச் சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகிய அனைத்தையும் நாடு முழுதும் தடைசெய்தது. விற்பவருக்கு முதல் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் பிடிபட்டால் மூன்றாண்டு, ஐந்து லட்சம்.