கோழிக்கழிச்சலுக்கு எந்தத் தடுப்பூசி? பழவேற்காடு பகுதிக்கு ஒரு விளக்கம்

வெயில் ஏறத் தொடங்கியதும் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் புறக்கடைக் கோழிகளுக்குக் கழிச்சல் நோய் அச்சம் வந்துவிடும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, சில நாட்களில் வீட்டுக் கோழிகள் மொத்தமும் மடியலாம். ஏரியில் மீன்பாடு இல்லாத நாட்களில் கைகொடுப்பது கோழியும் முட்டையும்தான். எனவே பெண்களின் சிறுவாட்டுப் பணம்தான் முதலில் கரைகிறது.

1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறியப்பட்ட நச்சுயிரியே இதற்குக் காரணம். அடுத்த சில ஆண்டுகளில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் பதிவானதால் இந்தியாவில் ராணிக்கெட் நோய் என்கிறோம். நோய் வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை.

தடுப்பூசிகள் இரண்டு வகை. முதலாவது, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள நச்சுயிரி. கண்ணிலோ மூக்கிலோ சொட்டினால் அது அங்கேயே பெருகும். கோழியின் கண்ணுக்குப் பின்னால் ஹார்டேரியன் என்றொரு சுரப்பி உண்டு. அது தூண்டப்பட்டு, கண், மூக்கு, மூச்சுக்குழாய்ச் சவ்வுகளிலேயே எதிர்ப்புரதம் சுரக்கிறது. நோய்க்கிருமி நுழையும் வாசலிலேயே காவல் நிற்கும். நோய் புகுந்த செல்களை அழிக்கும் வெள்ளையணுக்களும் விழித்துக்கொள்ளும். இரண்டு வாரத்துக்குள் பாதுகாப்பு கிடைத்துவிடும்.

இரண்டாவது, செயலிழக்கச் செய்த நச்சுயிரியை எண்ணெயில் கலந்த ஊசி. இது உடலில் பெருகாது. எண்ணெய்த் துளியிலிருந்து மெல்ல மெல்லக் கசியும். இரத்தத்தில் எதிர்ப்புரதம் அதிகமாகவும் பல மாதங்களுக்கும் இருக்கும். ஆனால் வாசல் காவல் குறைவு. அதனால்தான் முட்டைக்கோழிப் பண்ணைகளில் முதலில் உயிருள்ள தடுப்பூசியைக் கொடுத்துப் பழக்கிவிட்டு, முட்டையிடும் பருவத்துக்கு முன் எண்ணெய் ஊசியைப் போடுகிறார்கள். பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பதே என் கருத்து.

புறக்கடைக்கு ஏற்றது உயிருள்ள தடுப்பூசிதான். குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் எஃப் அல்லது லசோட்டா சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மறுமுறை, எட்டாம் வாரத்துக்குமேல் இறக்கையின் அடியில் ஊசி. ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கும் 'கே' வகை ஊசி சற்று வீரியம் கூடியது. இளங்குஞ்சுக்குப் போட்டால் கால் விழுந்துவிடலாம், இறக்கவும் கூடும்.

தடுப்பூசி போட்ட தாய்க்கோழியின் எதிர்ப்புரதம் முட்டைக் கரு வழியாகக் குஞ்சுக்கும் வரும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். அதுவரை முதல் சொட்டு மருந்தின் ஒரு பகுதியை அது அழித்துவிடுவதால், இரண்டாவது சொட்டைத் தவிர்க்கவே கூடாது.

கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இரு வார இலவச முகாமில் வளர்ந்த கோழிகள் காப்பாற்றப்படுகின்றன. அதற்குப் பின் பொரிக்கும் குஞ்சுகள்தான் விடுபடுகின்றன. கோடையில் மாட்டிக்கொள்வதும் அவைதான். ஒரு குப்பியில் பெரும்பாலும் நூறு கோழிக்குக் குறையாமல் மருந்து இருக்கும். ஒரு வீட்டுக்காக அதை உடைப்பது வீண். குப்பத்தில் பல வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கினால் பலன் கூடும்.

மீன்பிடி ஊர்களில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. உயிருள்ள மருந்தை ஐஸ் பெட்டியில் எடுத்துவந்து, கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். வெயில் பட்டால் கிருமி செத்து மருந்து வெறும் தண்ணீராகிவிடும். எண்ணெய் ஊசி வாங்கினால் நேர்மாறு. அது உறையக்கூடாது, ஐஸின்மேல் நேரடியாக வைக்காதீர்கள். இப்பகுதிக் கிணற்று நீரில் உப்பு அதிகம். குடிநீரில் கலப்பதைவிடக் கண்ணில் ஒரு சொட்டு விடுவதே நம்பகமானது.

நோய் கண்ட கோழிக்குத் தடுப்பூசி போடாதீர்கள். செத்த கோழியை ஏரியிலோ உப்பங்கழியிலோ எறியாமல் சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். இத்தடுப்பூசி பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. வலசைப் பறவைகள் தங்கும் மாதங்களில் கோழிகளோ நீர்ப்பறவைகளோ கூட்டமாக இறந்தால், தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.