கதவைத் தட்டும் அதிகாரம்: கதைநாயகனாகப் போலீஸ் அதிகாரி

புதுச்சேரியைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது: கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர் குடியிருந்த வெள்ளை நகரம், மேற்கே தமிழர் பகுதி. காலனிய நாளில் இரு கரையிலும் போய்க் கேள்வி கேட்கக்கூடிய ஒரு சிலரில் சிவப்புக் கெப்பித் தொப்பி அணிந்த போலீஸ்காரரும் ஒருவர். (தபால்காரரும் எல்லாத் தெருவுக்கும் போவார், ஆனால் வாசலோடு சரி.) ஒரே காவல் அதிகாரி திரும்பத் திரும்ப வரும் துப்பறியும் சிறுகதைகளின் ஈர்ப்பு இந்த உரிமையில் பிறப்பது என்பதே இக்கட்டுரையின் வாதம். புதிரை அவிழ்ப்பதற்கு யார் வேண்டுமானாலும் போதும்.

இத்தகைய அதிகாரிக்கு நல்ல உதாரணம் மெக்ரே. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1903இல் பிறந்த ஜார்ஜ் சிமெனோன், 1931 முதல் 1972 வரை பாரிஸ் போலீஸ் அதிகாரியான கொமிசேர் மெக்ரேயை வைத்து 75 நாவல்களும் 28 சிறுகதைகளும் எழுதினார். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஆக, மெக்ரேயின் சேவைக்காலத்தில் பாதிக்கு மேல், அவரும் இந்த ஊரும் பிரெஞ்சு ஆட்சியின் கீழேயே இருந்திருக்கின்றனர். அவருக்கு மேலே கொமெலியோ போன்ற விசாரணை நீதிபதிகள். கோப்பு, உத்தரவு, மேலதிகாரியின் சிடுசிடுப்பு எல்லாம் உண்டு.

1947இல் நூலான ஒரு மெக்ரே சிறுகதையில், அதிகாலைப் பூசைக்குப் போன பூசை உதவிச் சிறுவன் தெருவில் பிணத்தைப் பார்த்ததாகச் சொல்கிறான். போய்ப் பார்த்தால் அங்கே எதுவும் இல்லை. பொய் என்று மற்றவர்கள் ஒதுக்க, காய்ச்சலில் படுத்திருக்கும் மெக்ரே அவனை நம்புகிறார். தாமும் சிறுவயதில் அதே வேலையைச் செய்தவர் என்பதால் அந்த மனம் அவருக்குப் பிடிபடுகிறது. நாயகனை ஒவ்வொரு முறையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லாத தொடரில்தான், சிறுகதைக்குள் இதற்கெல்லாம் இடம் கிடைக்கும்.

தமிழ்த் துப்பறியும் கதையும் போலீஸில்தான் தொடங்கியது. பண்டித நடேச சாஸ்திரி 1894இல் வெளியிட்ட கதைகளின் நாயகன் தானவன் ஒரு போலீஸ் நிபுணன். வங்காளத்தில் 1892 முதலே, போலீஸ் துறையில் பணியாற்றிய பிரியநாத் முகோபாத்யாய் ‘தாரோகார் தப்தர்’ வரிசையை வெளியிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் தமிழ் வாசகர் மனத்தில் நிலைத்தவர்கள் வேறு: தமிழ்வாணனின் தனியார் துப்பறிவாளர் சங்கர்லால், சுஜாதாவின் வழக்கறிஞர்கள் கணேஷும் வசந்தும். தேவனின் துப்பறியும் சாம்புவோ வங்கிக் குமாஸ்தா. அதிகாரம் இன்ஸ்பெக்டர் கோபாலனுடையது, புகழ் சாம்புவுடையது! காக்கிச் சட்டையைக் கண்டு ஒதுங்கிப் பழகிய மக்களுக்கு, தங்களைப் போன்ற ஒருவரே நாயகனாக வேண்டியிருந்திருக்கும்.

போலீஸ் அல்லாதவரை நாயகனாக்குவதற்கு ஒரு விலையும் உண்டு. தனியார் துப்பறிவாளரைப் பெரும்பாலும் யாராவது காசு கொடுத்து அழைக்க வேண்டும். அநாதைப் பிணத்துக்காக யார் அழைப்பார்? போலீஸ் அதிகாரியின் மேசைக்கு அதுவும் தானாக வந்து சேரும். மெக்ரே கதைகளில் வாடகை அறைகளும் மலிவு மதுக்கடைகளும் நிறைந்திருப்பது இதனால்தான்.

இந்த அதிகாரத்தை ஐயமின்றி ஏற்றுவிடவும் முடியாது. பாரிஸில் கே தெஸ் ஒர்ஃபேவ்ர் போலீஸ் அலுவலகத்தில் மெக்ரேயின் விசாரணை விடிய விடிய நீளும்போது, பக்கத்து மதுக்கடையிலிருந்து பீரும் சாண்ட்விச்சும் வந்துகொண்டிருக்கும். சிமெனோன் எழுத்தில் அது ஒருவித நட்பாகவே தோன்றுகிறது; சில கதைகளில் குற்றவாளியை மெக்ரே தப்பவும் விடுகிறார். எதிர் நாற்காலியில் தூக்கமின்றி உட்கார்ந்திருப்பவன் கதையைச் சொல்லியிருந்தால், அந்த இரவு இவ்வளவு இதமாக இருந்திருக்காது.