ஸ்டாண்டர்டு ஹெரால்டு பிரேக் மேம்பாடு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு பிரேக் மேம்பாடு என்பது, சென்னையில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தின் முன்சக்கர டிரம் பிரேக்குகளுக்கு மாற்றாக டிஸ்க் பிரேக்குகளைப் பொருத்துதலும், அதனோடு இணைந்த பிற மாற்றங்களும் ஆகும். பழைய வண்டியை இன்றைய சாலைகளில் பாதுகாப்பாக ஓட்டுவதே இதன் நோக்கம்.

பின்னணி

பிரித்தானியாவின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு மகிழுந்தை அறிமுகப்படுத்தியது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை கொண்டிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் அதை 948 கன செ.மீ. எந்திரத்துடன் இந்தியாவில் தயாரித்தது. 1972இல் கசல் என்னும் வண்டி அதன் இடத்தைப் பெற்றது.

இந்திய ஹெரால்டின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. பிரித்தானியாவிலோ 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், 1963இல் வந்த ஹெரால்டு 12/50 ஆகியவற்றின் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்குகள் இடம்பெற்றன. ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரத் தொங்கலமைப்பு ஹெரால்டிலிருந்து பெறப்பட்டது. ஆகவே அதன் பிரேக் உறுப்புகளைக் கொண்டு ஹெரால்டை மாற்றியமைக்கும் வழக்கம் ஏற்பட்டது.

தேவை

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலைப் பிரேக்குகள் வெப்பமாக மாற்றுகின்றன. வேகம் இருமடங்கானால் இவ்வாற்றல் நான்கு மடங்காகும். பயணிகளுடன் 1000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்கையில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 62 கிலோஜூல், 80 கி.மீ. வேகத்தில் 247 கிலோஜூல். நெய்வேலி நகரியத்தின் வட்டங்களுக்கு இடையே மெதுவாகச் செல்லும்போது போதுமானதாகத் தோன்றும் பிரேக், நகரியத்தை ஒட்டிய விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு இடையே செல்லும்போது போதாமற்போகலாம்.

டிரம்முக்குள் எழும் வெப்பம் எளிதில் வெளியேறாது. அடுத்தடுத்துப் பிரேக் போடும்போது உராய்வு குறைகிறது. டிரம்மும் வெப்பத்தால் விரிவதால் மிதி கீழிறங்குகிறது. மழைநீர் உள்ளே புகுந்தாலும் பிடிப்பு குறையும். டிஸ்க் பிரேக்கின் வட்டு காற்றில் திறந்திருப்பதால் விரைவில் குளிர்கிறது. நீரும் சுழற்சியில் சிதறிவிடுகிறது.

மாற்றும் முறை

பிரேக் என்பது தனியுறுப்பு அன்று. ஒன்றையொன்று சார்ந்த உறுப்புகளின் தொகுதி. முன்சக்கரங்களில் டிஸ்க் பொருத்தும்போது பின்வருவனவற்றையும் கவனித்தல் வேண்டும்.

- மாஸ்டர் சிலிண்டர்: கேலிப்பரின் பெரிய பிஸ்டன்களுக்கு மிகுதியான பிரேக் ஆயில் தேவை. சிலிண்டரின் விட்டத்தைக் கூட்டினால் ஆயில் மிகுதியாகச் செல்லும். ஆனால் அதே மிதிவிசைக்கு அழுத்தம் குறையும். ஆகவே விட்டத்தைக் கேலிப்பருக்கு ஏற்பத் தெரிவு செய்தல் வேண்டும்.
- எச்ச அழுத்த வால்வு: டிரம் பிரேக் தொகுதிகள் சிலவற்றில் குழாயில் சிறிதளவு அழுத்தத்தை நிலைநிறுத்தும் வால்வு உண்டு. இது டிஸ்க் பிரேக் குழாயில் இருந்தால் பேட்கள் வட்டை உரசிக்கொண்டே சூடேறும்.
- மிதிவிசை: டிரம்மின் சுழற்சியே முன்னணி ஷூவை மேலும் அழுத்தி உதவுகிறது. டிஸ்க் பிரேக்கில் இவ்வுதவி இல்லை. எனவே எந்திரத்தின் உறிஞ்சு வெற்றிடத்தால் இயங்கும் சர்வோ சிலர் பொருத்துகின்றனர்.
- முன்பின் சமநிலை: பிரேக் போடும்போது எடை முன்னோக்கிச் சாய்கிறது. பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும்.
- இரட்டைச் சுற்று: ஹெரால்டின் பிரேக் குழாய்கள் ஒரே சுற்றில் அமைந்தவை, ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இழக்கப்படும். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனிச் சுற்று அமைக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் இவ்விடரைக் குறைக்கிறது.

முதற்படி

பழுதுற்ற தொகுதியில் டிஸ்க்கைப் பொருத்துவது பயனற்றது. ரப்பர் குழாய்கள், சிலிண்டர் வாஷர்கள், துருவேறிய எஃகுக் குழாய்கள் ஆகியவற்றைப் புதுப்பித்து, ஷூக்களைச் சரியாக இறுக்கினாலே பழைய டிரம் பிரேக் பெரிதும் சீரடையும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகையாகவும், ஈரமேறிய நிலையில் 155 பாகையாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆயில் கொதித்து ஆவியானால் மிதி அடிவரை இறங்கிவிடும். ஆகவே அதைக் காலமுறைப்படி மாற்றுதல் நன்று.

பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குத் தீங்கு விளைவிப்பது. டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசு நீக்காமல் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.

சட்ட நிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2021இல் வெளியான விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்கள் தொன்மை வாகனங்களாகப் பதிவு பெறலாம். அடிச்சட்டம், உடற்கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருத்தல் கூடாது. ஆகவே அடிச்சட்டத்தை வெட்டாமல், கழற்றி மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய வகையில் செய்யப்படும் மாற்றமே வண்டியின் தொன்மையையும் ஓட்டுநரின் உயிரையும் ஒருசேரக் காப்பதாகும்.