கம்ப்யூட்டர் (சொற்பொருள் வரலாறு)

இன்று கணினியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான கம்ப்யூட்டர், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கணக்குப் போடும் மனிதரையே குறித்தது. கணக்கிடுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல், 1613இல் ரிச்சர்ட் பிராத்வெயிட் வெளியிட்ட நூலில் காணப்படுகிறது. அறியப்பட்ட சான்றுகளில் அதுவே பழையது.

பணிப்பெயர்

வானியலும் கடற்பயணமும் இச்சொல்லை ஒரு வேலையின் பெயராக்கின. இங்கிலாந்தின் அரசவை வானியலாளர் நெவில் மாஸ்கலின், மாலுமிகளுக்கான 'நாட்டிகல் அல்மனாக்' பஞ்சாங்கத்தை 1767ஆம் ஆண்டிலிருந்து கொண்டுவந்தார். அதன் அட்டவணைகளைக் கம்ப்யூட்டர்கள் தத்தம் வீட்டிலிருந்தே கணக்கிட்டு அனுப்பினர்; பிழை பார்க்கத் தனியாக ஒருவர் இருந்தார்.

இந்தியாவில், 1802இல் சென்னையில் தொடங்கிய மாபெரும் முக்கோணவியல் நில அளவைக்கும் இத்தகையோர் தேவைப்பட்டனர். வங்காளக் கணிதரான ராதாநாத் சிக்தார் 1831இல் கம்ப்யூட்டராகச் சேர்ந்து, பிற்பாடு தலைமைக் கம்ப்யூட்டர் ஆனார். அவருடைய பிரிவு போட்ட கணக்குகளின் வழியே, பின்னர் எவரெஸ்ட் எனப் பெயர்பெற்ற சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856இல் அறிவிக்கப்பட்டது.

அமெரிக்காவில் இது பெரிதும் பெண்களின் வேலையாயிற்று. ஹார்வர்டு வானாய்வகத்தில் குறைந்த கூலிக்குப் பணியாற்றிய பெண் கம்ப்யூட்டர்களுள் ஒருவரான ஹென்றியேட்டா லெவிட், சிலவகை விண்மீன்களின் ஒளி மாறும் காலத்துக்கும் அவற்றின் உண்மைப் பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். விண்வெளித் தொலைவுகளை அளக்க அது வழிவகுத்தது. விமான ஆய்வுக்கான லாங்லி ஆய்வுக்கூடம் 1935 முதல் பெண்களை இப்பணியில் அமர்த்தியது. அங்குப் பணியாற்றிய கேத்தரின் ஜான்சன், விண்வெளி வீரர் ஜான் கிளென் 1962இல் பூமியைச் சுற்றிவருவதற்கு முன் இயந்திரம் தந்த விடைகளைக் கையால் போட்டுச் சரிபார்த்தார்.

பொருள் மாற்றம்

கணக்கிடும் கருவியை இச்சொல்லால் சுட்டும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தலைகாட்டினாலும், மனிதரைக் குறிக்கும் பொருளே மேலோங்கியிருந்தது. கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கம்ப்யூட்டர் என்றால் தாளில் கணக்கிடும் ஆள். 1946இல் பென்சில்வேனியாவில் எனியாக் என்ற மின்னணுக் கணிப்பு இயந்திரம் அறிமுகமானது. அதற்கு நிரல் அமைத்த ஆறு பெண்களும் முன்பு கம்ப்யூட்டர்களாக வேலை பார்த்தவர்கள். டூரிங் 1950இல் எழுதியபோது, ஆளைக் குறிக்க 'மனித' என்ற அடைமொழியைச் சேர்க்க வேண்டியிருந்தது.

இன்றைய வழக்கு

பணிப்பெயர் வழக்கொழிந்துவிட்டது. 'மனிதக் கம்ப்யூட்டர்' என்ற தொடர் மட்டும் அசாதாரணக் கணக்குத் திறனுக்கான பட்டமாக நிலைத்தது. 1980இல் லண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை 28 வினாடிகளில் மனத்தாலேயே பெருக்கிய பெங்களூரு சகுந்தலா தேவி அப்பட்டத்தால் அறியப்பட்டார்.